வாசகர் கேள்விகள்: இராக் போரின் செலவுக் கணக்கு

கேள்வி: 2003 இராக் போருக்கு முதலில் சொன்ன செலவுக்கும் கடைசியில் ஆன செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசமாமே, எப்படி? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: 2002 கடைசியில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் இயக்குநர் மிட்ச் டேனியல்ஸ் சொன்னது 5,000 முதல் 6,000 கோடி டாலர். சில மாதம் முன்பு 10,000 முதல் 20,000 கோடி வரை ஆகலாம் என்ற பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, டிசம்பரில் பதவியை விட்டு வெளியேறினார். 2014 வரை அமெரிக்கா இராக்குக்கு ஒதுக்கியது சுமார் 81,500 கோடி டாலர்.

முதலில் போட்டது சண்டைக்கான கணக்கு மட்டும். பாக்தாத் மூன்றே வாரத்தில் விழுந்தது. படை ஊர் திரும்ப 2011 டிசம்பர் ஆயிற்று. காசு கரைந்தது அந்த இடைக்காலத்தில்தான். சாலையோரக் குண்டுகள் ‘ஹம்வீ’ என்ற ராணுவ வண்டிகளின் தட்டையான அடிப்பாகத்தைப் பிளந்தன. வெடிப்பின் வேகத்தைப் பக்கவாட்டில் சிதறவிடும் ‘வி’ வடிவ அடிப்பாகம் கொண்ட கவச வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டி வந்தது. ஒன்றின் விலை 5 லட்சம் டாலருக்கு மேல். பல ஆண்டுகள் பணம் வழக்கமான பட்ஜெட்டில் வராமல் அவசரத் துணை ஒதுக்கீடாகவே வந்ததால், வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கேள்விகள் அதிகம் எழவில்லை. 2003 மே மாதம் வரியையும் குறைத்தார்கள். ஆகப் போர் பெரும்பாலும் கடனில் நடந்தது. அந்த வட்டி 81,500 கோடிக்குள் இல்லை.

கேள்வி: படை திரும்பியபின் செலவு நின்றிருக்குமே?

பதில்: இல்லை, பெரிய பங்கு அதற்குப் பிறகுதான் வரும். இராக்கில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,400 பேர், காயம்பட்டவர்கள் சுமார் 32,000 பேர். ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டியும் விரைவு ஹெலிகாப்டரும் பலரைப் பிழைக்க வைத்தன. பிழைத்தவருக்கு ஆயுள் முழுக்க மருத்துவமும் மாத உதவித்தொகையும் தர வேண்டும். ஊனத்தை 10, 20 என்று பத்துப் பத்தாக 100 சதவீதம் வரை மதிப்பிட்டுத் தொகை தருகிறார்கள். முகாம் குப்பையை விமான எரிபொருள் ஊற்றித் திறந்த குழியில் எரித்த புகையால் வந்த நோய்களுக்கு விரிவான சட்டம் 2022 ஆகஸ்டில்தான் வந்தது. இந்த வால் எவ்வளவு நீளும் என்றால், 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான ஓய்வூதியத்தை ஒரு சிப்பாயின் மகள் 2020 வரை வாங்கினார். மாதம் 73.13 டாலர்.

கேள்வி: இறந்த இராக்கியர் எண்ணிக்கை ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே?

பதில்: எண்ணும் முறை வேறு. செய்தி, பிணவறைப் பதிவுகளைத் தொகுப்பவர்களுக்குக் கிடைப்பது குறைந்தபட்சத் தொகை. பதிவாகாத சாவு அதில் வராது. வீடு வீடாகக் கேட்பது இன்னொரு முறை. 2006 ஜூன் வரை வன்முறையில் இறந்தவர்கள் சுமார் 1,51,000 என்றது உலக சுகாதார நிறுவனமும் இராக் அரசும் 9,345 வீடுகளில் எடுத்த கணக்கெடுப்பு. ஏறக்குறைய அதே காலத்துக்கு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, 1,849 வீடுகளை வைத்து, போர் இல்லாவிட்டால் நேர்ந்திராத எல்லாச் சாவுகளையும் சேர்த்து சுமார் 6,55,000 என்றது. இதன் மாதிரித் தேர்வு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

பெரிய கணக்கெடுப்பிலும் ஓட்டை உண்டு. தேர்ந்தெடுத்த 1,086 பகுதிகளில் 115க்கு ஆள் போகவே முடியவில்லை. பெரும்பாலும் பாக்தாதும் அன்பார் மாகாணமும், அதாவது சாவு மிகுந்த இடங்கள். அங்கே ஊகத்தால் நிரப்பினார்கள். குடும்பமே அழிந்த வீட்டில் பதில் சொல்ல யாரும் இல்லை. ஊரை விட்டு ஓடியவர்களும் விடுபட்டார்கள். ஆகவே ஓர் எண்ணைப் படித்தால் எந்தத் தேதி வரை, வன்முறைச் சாவா எல்லாச் சாவுமா, பொதுமக்கள் மட்டுமா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி: இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா?

பதில்: அமெரிக்க வீரர் இறந்தால் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலரும், காப்பீட்டில் 4 லட்சம் வரையும் கிடைத்தது (2005க்குப் பின்). அமெரிக்கப் படையால் இறந்த இராக்கியரின் குடும்பத்துக்கு வழக்கமான உச்சவரம்பு 2,500 டாலராக இருந்தது. அதுவும் உரிமை இல்லை, தளபதி விரும்பினால் தரும் அனுதாபத் தொகை. வாங்கியதால் படை தவற்றை ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது. சண்டையில் நேர்ந்த சாவுக்கு அமெரிக்க இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்கவும் வழியில்லை.