இலங்கை மிளகு, டூட்டி இல்ல, சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன்னு புரோக்கர் சொல்றாரா?

விருதுநகர் மொத்த வியாபாரி ஒருத்தர் கேட்டிருக்காரு: "இலங்கைலேருந்து மிளகு எறக்கப் போறேன், டூட்டி கெடையாது, ஒரிஜின் சர்டிபிகேட்ட நானே வாங்கித் தந்துடறேன்னு ஒரு புரோக்கர் அட்வான்ஸ் கேக்காரு, குடுக்கலாமா?"

குடுக்காதீங்க அண்ணாச்சி. சரக்கு எந்த நாட்டுதுன்னு சொல்ற அந்த சர்டிபிகேட்ட குடுக்கறது இலங்கை அரசோட வணிகத் துறை, கேட்டு வாங்க வேண்டியது அங்க உள்ள ஏற்றுமதியாளர். நடுவுல நிக்கற இந்த ஆளுக்கு அதுல என்ன வேலை?

டூட்டி இல்லங்கறது நெசம்தான். 1998 டிசம்பர்ல கையெழுத்தாகி 2000 மார்ச்லேருந்து நடப்புல இருக்கற இந்தியா-இலங்கை ஒப்பந்தப்படி வருஷம் 2,500 டன் மிளகு வரியில்லாம வரலாம், சலுகை இல்லாம வந்தா 70 சதவீதம். இவ்வளவு வித்தியாசம் இருந்தா என்ன நடக்கும், வியட்நாம் மிளகு கொழும்புல எறங்கி சாக்கு மாத்திக்கிட்டு இலங்கை மிளகுன்னு இங்க வருது.

முன்னெல்லாம் சர்டிபிகேட்ட நீட்டுனா சரக்க விட்டுருவாங்க. 2020 செப்டம்பர் 21லேருந்து கரோட்டார்னு ஒரு சுங்க விதி வந்துருச்சு, சரக்கு எங்க விளைஞ்சதுங்கற விவரம் படிவம் 1ல உங்க கைல இருக்கணும், அஞ்சு வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும், ஆபீசர் கேட்டா 10 வேலை நாள்ல குடுக்கணும். மாட்டுனா நோட்டீஸ் உங்க பேருக்குத்தான் வரும், புரோக்கர் போன எடுக்க மாட்டான்.

"கொழும்புல அரைச்சு அனுப்பிட்டா அது இலங்கைச் சரக்குதானே"ம்பாங்க, இதுல நெறைய பேரு ஏமாந்து போறாங்க. சுங்கத்துல ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பர் உண்டு, முழு மிளகும் 0904தான், மிளகுத்தூளும் 0904தான். வெளிநாட்டு மூலப்பொருள் போட்டுச் செஞ்சா மொத நாலு நம்பர் மாறணும், அதோட 35 சதவீத மதிப்பும் இலங்கைல கூடியிருக்கணும், அரைச்சா நம்பர் மாறாது, அதனால அது வியட்நாம் மிளகாவேதான் இருக்கும். மிளகுலேருந்து ஓலியோரெசின்ங்கற கெட்டிச் சாறு எடுத்தா 3301க்குப் போயிரும், 35 சதவீதமும் வந்துச்சுன்னா அது இலங்கைச் சரக்கு. ஆனா நீங்க கேட்டது மளிகைக் கடைக்குப் போற மிளகு, ஓலியோரெசின் கதைய வெச்சு யாராவது உங்களக் கொழப்புனா கேக்காதீங்க.

கிலோ 500 ரூபாய்க்குக் கொறஞ்ச மிளக எறக்குமதி பண்ண 2018 மார்ச்ல தடை போட்டாங்க, அதுக்கும் "இன்வாய்ஸ்ல வெலைய ஏத்திக் காட்டிரலாம்"னு வருவாங்க. அது அந்நியச் செலாவணி கேஸ் அண்ணாச்சி, வெளையாடாதீங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கன்டெய்னரத் தொறந்தப்ப புதுச்சாக்குக்கு உள்ள பழைய சாக்கு, அதுல வியட்நாம் முத்திரை அழியாம அப்படியே இருந்துச்சு. அவருக்கு ஒண்ணுமே தெரியாது, முழிச்சுக்கிட்டு நிக்காரு. நெசமான சரக்குக்கும் நிம்மதி இல்ல, சந்தேகம்னு அந்த நாட்டுக்கு லெட்டர் போட்டா பதில் வர மாசக்கணக்காகுது, அதுவரைக்கும் பேங்க் கேரண்டில பணம் முடங்கிக் கெடக்கும். 1995ல உலக வர்த்தக அமைப்பு ஆரம்பிச்சப்ப, சலுகை இல்லாத வியாபாரத்துக்காவது எந்த சரக்கு எந்த நாட்டுதுன்னு பொது விதி மூணு வருஷத்துல முடிச்சிருவோம்னாங்க, இன்னும் முடிக்கல. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு விதி, யாரு படிக்கறது இதெல்லாம்?

அதனால ஏற்றுமதியாளர்கிட்ட நேராப் பேசுங்க. எந்த ஊர்த் தோட்டத்துல வாங்குனாரு, அதுக்கு பில் இருக்கா, படிவம் 1க்கு வேண்டிய விவரத்த சரக்கு கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே தருவாரான்னு கேளுங்க, அத வாங்கிட்டு அப்புறம் பணம் அனுப்புங்க.