கொரோனா காலத்தில் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சிகிச்சை கிடைத்ததா?

எங்கள் வீட்டு அனுபவத்தில், இல்லை. அண்ணனுக்கு 20 வருடமாக ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். பெரம்பூரில் அம்மாவோடும் என்னோடும் இருக்கிறார்.

முதல் சிக்கலைக் கொண்டுவந்தது கொரோனா கூட இல்லை, மூடிய பெட்டிக்கடை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டதும் சிகரெட் கிடைக்கவில்லை. தினம் ஒன்றரை பாக்கெட் ஊதுகிறவர். "சனியன் விட்டுது" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். ஒரே வாரத்தில் அண்ணன் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தார். தலையணை நனைகிற அளவுக்கு எச்சில், எழுந்தால் தள்ளாட்டம். நோய் முற்றுகிறது என்று பயந்து டாக்டருக்கு போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "சிகரெட்டை விட்டுட்டாரா?"

அண்ணன் இந்த நோய்க்குச் சாப்பிடுவது குளோசபின் என்ற மாத்திரை. சிகரெட் புகை உள்ளே போகிறவரை கல்லீரல் இந்த மருந்தை வேகமாகக் கழித்துவிடும். புகை நின்றால் அதே மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தங்கிவிடும். தொற்றும் காய்ச்சலும் வந்தாலும் இப்படி ஏறலாம். டோஸைக் குறைத்ததும் சில நாளில் தெளிந்தார். கூப்பிட்டவுடன் போனை எடுக்கிற டாக்டர் எங்களுக்கு இருந்தார், அவ்வளவுதான். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு வெள்ளை அணு எண்ணிக்கைக்கு ரத்தப் பரிசோதனை வேறு தவறாமல் செய்ய வேண்டும். ஜூனில் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, அந்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த போலீஸ்காரர், "இதெல்லாம் அவசரமா சார்?" என்றார்.

அப்புறம் 2021 மே. "நெஞ்சு மேல ஒருத்தன் ஏறி உக்காந்திருக்கான்டா" என்றார் அண்ணன். அவருக்குக் குரல்கள் கேட்கும், இல்லாத ஆட்கள் தெரிவார்கள். அந்த ஆட்களில் ஒருவன்தான் என்று நானே விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஆக்சிஜன் 89.

கொண்டுபோன மருத்துவமனையில் ஃபைலைப் புரட்டியவர், "மென்டல் கேஸா? கூட ஆள் இருந்தாதான் சேர்ப்போம்" என்றார். சரி, நான் இருக்கிறேன் என்றேன். "கோவிட் வார்டுக்குள்ள அட்டெண்டரை விட மாட்டோம்." ஒரே வாய், ஒரே நிமிடம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அவசர சிகிச்சையிலும் ஆம்புலன்ஸிலும்கூட உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தச் சொல்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அது தெரியாது, தெரிந்து பேசியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு டூட்டி டாக்டர், வேறெதுவும் கேட்காமல் முதலில் ஆக்சிஜனை மாட்டினார்.

நியூயார்க்கில் முதல் அலையின்போது 7,348 கோவிட் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2021 ஜனவரியில் வந்தது. ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களுக்கு மரண ஆபத்து சுமார் 2.7 மடங்கு. சர்க்கரை, இதயநோய், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படி. வயதுக்கு அடுத்த பெரிய ஆபத்து அதுதான். பிரிட்டன் இவர்களைத் தடுப்பூசி முன்னுரிமையில் வைத்தது. இங்கே 2021 மார்ச்சில் 45 முதல் 59 வயதுக்காரர்களுக்காக வெளியிட்ட 20 இணைநோய்கள் பட்டியலில் ஸ்கிசோஃப்ரினியா இல்லை. அண்ணனுக்கு அப்போது 48. ஏப்ரலில் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் திறந்துவிட்டபோது கூட்டிப்போனேன். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, வரிசையை விட்டு வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து வீடு திரும்பினார். "முதல் நாளே சொன்னேன்ல?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுத்து அவர் கேட்டது சிகரெட். டோஸ் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கிவரப் போனேன்.