செராம்பூர் ஊழியத்தின் பெருமை வில்லியம் கேரி ஒருவருக்கே உரியதா?

இல்லை. இங்கிலாந்திலிருந்து மிஷனரியாகக் கேரி 1793இலேயே வங்காளம் வந்துவிட்டார் என்றாலும், உடன் மிஷனரிகளான வில்லியம் வார்டும் ஜோசுவா மார்ஷ்மனும் 1799இல் வந்துசேர்ந்து, 1800இன் தொடக்கத்தில் மூவரும் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் ஒன்றுகூடிய பின்னரே அப்பணி வேரூன்றியது. அங்கே தாழ்மை வெறும் பிரசங்கப் பொருளாக நிற்கவில்லை. அன்றாட ஒழுங்காகவே வகுக்கப்பட்டது. கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் கேரி பெற்ற சம்பளமும், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளிகளின் வருமானமும், வார்டின் பொறுப்பிலிருந்த அச்சகத்தின் ஈட்டமும், குடும்பச் செலவுக்கான சிறு தொகை போக, ஒரே பொதுநிதியில் சேர்ந்தன; ஆகவே, ‘இது என் உழைப்பின் பலன்’ என்று ஒருவர் தனித்து உரிமை கொண்டாட இடமே இருக்கவில்லை.

ஆயினும், அம்மூவரோடு கணக்கை முடித்துவிடுவதும் நியாயமன்று என்றே கருதுகிறேன். மொழிப்பணியில் துணைநின்ற ராம்ராம் பாசு, மிருத்யுஞ்சய வித்யாலங்கார் போன்ற அறிஞர்களையும், வங்க எழுத்துகளுக்கு அச்சு வெட்டிய பஞ்சானன் கர்மகாரையும், அவருக்குப்பின் அதைத் தொடர்ந்த மருமகன் மனோகரையும், பெண்கல்விக்கு உழைத்த ஹன்னா மார்ஷ்மனையும் நம் சபைகள் அரிதாகவே நினைவுகூர்கின்றன. இது உண்மையிலேயே வருந்தத்தக்கது; ஏனெனில் பவுல், தாம் நட்டதையும் அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சியதையும் சேர்த்தே சொல்லி, விளைச்சலைத் தேவனுக்கு உரியதாக்கியதோடு, ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா எனத் தம் உடன்வேலையாட்களைப் பெயர்பெயராகக் குறிப்பிடுகிறார்; நிருபத்தைக் கைப்பட எழுதிய தெர்தியுவும் அங்கே தன் பெயரிலேயே வாழ்த்துச் சொல்கிறார்.