ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதி: இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க முடியுமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார், வயது 38. ஐந்து மாதங்களுக்கு முன்பு சாலையோரம் நடந்து வந்தவர்மீது கார் மோதி வலது கால் முறிந்தது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. ஆனால் ஓட்டியவரின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதால் கம்பெனி எதுவும் தராது, கார்க்காரர் கொடுக்கும் ஒன்றரை லட்சத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு புரோக்கர் வற்புறுத்துகிறார். போலீஸ் கேஸ் முடிந்த பிறகு இழப்பீடு கேட்கலாம் என்கிறார் உறவினர். கட்டாய இன்சூரன்ஸ் என்பது பெயருக்குத்தானா ஐயா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. போலீஸ் கேஸ் முடியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட்டாக வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் நடைமுறை. இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன; அதை நம்பி நீங்கள் நாளைக் கடத்த வேண்டாம். கிரிமினல் வழக்கு தனி, இழப்பீட்டு வழக்கு தனி. அங்கே ஓட்டுநர் விடுதலையானாலும் இங்கே உங்கள் மனு நிற்கும். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

அடுத்து லைசென்ஸ். 146ஆவது பிரிவு கட்டாயமாக்கியிருக்கும் காப்பீடு, காருக்கு வெளியே இருக்கும் உங்கள் கணவரைப் போன்ற மூன்றாம் நபருக்காகத்தான். லைசென்ஸ் கோளாறைக் காட்டி நழுவ நினைக்கும் கம்பெனி, அதில் கார் உரிமையாளரின் தவறு என்ன என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபித்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடுவதே தீர்ப்பாயங்களில் நீண்டகால வழக்கம். அந்த வசூல் கம்பெனிக்கும் கார்க்காரருக்கும் இடையிலான கணக்கு.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உழைப்பாளிகளின் பணம் பெரும்பாலும் அங்கேதான் பறிபோகிறது. உதாரணத்துக்கு, மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழ் இருக்கும் சுயதொழில்காரர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40% சேரும்: 21,000. ஆண்டுக்கு 2,52,000. இதை வயதுக்கேற்ப நீதிமன்றங்கள் வகுத்திருக்கும் ஓர் எண்ணால் பெருக்குவார்கள்; 38 வயதுக்கு அது 15. மொத்தம் 37,80,000. இதில் எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பது ஊனத்தின் அளவைப் பொறுத்தது. கம்பெனி வக்கீல் மருத்துவச் சான்றிதழை நீட்டி ‘முழு உடலுக்கு 20% தான்’ என்பார். அப்படியானால் 7,56,000. ஆனால் 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்க்கச் சொன்னது சான்றிதழில் உள்ள எண்ணை மட்டுமல்ல. அந்த ஊனத்தால் அந்த மனிதரின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மடங்காத கால் ஒரு சிரமம். சாரத்தில் ஏறிக் கல் கட்டுகிறவருக்கு அது தொழிலே போன கதை. வருமான இழப்பு 60% என்று தீர்ப்பாயம் ஏற்றால் அதே கணக்கு 22,68,000 ஆகிறது. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி இவையெல்லாம் தனி. ஒன்றரை லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே சிகிச்சை தந்த எலும்பு மருத்துவரோ மருத்துவக் குழுவோ, இவரால் ஏற முடியுமா, குந்த முடியுமா, பாரம் தூக்க முடியுமா என்பதைத் தெளிவாக எழுதித் தர வேண்டும். சம்பளச் சீட்டு இல்லையே என்று கலங்க வேண்டாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, கூட வேலை செய்த மேஸ்திரியின் சாட்சியம், பணம் வரவு வைத்த வங்கிப் புத்தகம் எதுவானாலும் உதவும். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். விபத்து பற்றிய விரிவான அறிக்கையை 90 நாட்களுக்குள் தீர்ப்பாயத்துக்குத் தருவது போலீசின் கடமை. ஸ்டேஷனில் அதையும் கேளுங்கள்.

பெயருக்குத்தானா என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். சட்டம் மோசமில்லை, அது ஆளைத் தேடி வருவதில்லை என்பதே என் கோபம். நாட்டில் ஓடும் வாகனங்களில் ஏறத்தாழப் பாதிக்குக் காப்பீடே இல்லை. அவற்றில் அடிபட்டவர் உரிமையாளரின் சொத்தைத்தான் துரத்த வேண்டும். மோதிவிட்டு ஓடிய வண்டி என்றால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் அரசுத் திட்டம் உண்டு. தாசில்தார் அலுவலகம் வழியாகவே கேட்கலாம். 2022இல் மட்டும் அப்படிப்பட்ட விபத்துகள் 67,387. ஆனால் 2022-23 நிதியாண்டில் முடித்துக் கொடுக்கப்பட்ட இழப்பீட்டு மனுக்கள் 95 என்று உச்ச நீதிமன்றமே 2024 ஜனவரியில் வேதனையோடு பதிவு செய்து, இந்தத் திட்டத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர்களிடம் போலீசாரே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறார்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மாற்றுத்திறனாளி என்ற வகையில் உங்கள் கணவர் அங்கே இலவச வக்கீல் கேட்கலாம். ஊனச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லையா? பரவாயில்லை, அதைப் பின்னால் தாக்கல் செய்துகொள்ளலாம். மனு இந்த வாரமே போகட்டும்.