துணி காயவைக்கும் ட்ரையரில் சேரும் பஞ்சை அதிகச் செலவில்லாமல் எப்படிச் சுத்தம் செய்வது?

ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் தட்டுகிறேன், அப்படியும் துணி காய இரண்டு சுற்று ஆகிறது, ஆள் வைத்துச் சுத்தம் செய்யக் கையில் காசில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதேதான் நடந்தது. இரண்டு சுற்று ஓடியும் துவாலையின் ஓரத்தில் ஈரம் இருக்கும். ஹீட்டர் போய்விட்டது, புது மெஷின்தான் வாங்கவேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சூடான காற்று வெளியேறும் பின்பக்கக் குழாயைக் கழற்றிப் பார்த்தால், வளைவில் ஒரு விரல் கனத்துக்குப் பஞ்சு. பிய்த்து எடுத்தபோது அடுக்கடுக்காக வந்தது: சாம்பல், அதன் கீழே நீலம், நடுவில் எப்போதோ போட்ட சிவப்புப் போர்வையின் நிறம். அத்தனை நாளாக ஒருவரும் அங்கே கை வைக்கவில்லை.

சூடு இருந்தால் மட்டும் துணி காயாது. சூடான காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகவேண்டும். போகும் வழி அடைத்தால் ஈரம் உள்ளேயே சுற்றும், மெஷின் கூடுதல் நேரம் ஓடும், கரண்ட் பில் ஏறும். அதைவிடப் பெரிய கவலை தீ. காய்ந்த பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும். அது ஹீட்டருக்குப் பக்கத்திலேயே சேர்கிறது. அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டிப் பாருங்கள். தண்ணீர் வலையில் இறங்காமல் தேங்கி நின்றால், துணியை மென்மையாக்கப் போடும் திரவமும் ஷீட்டும் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு தட்டினாலும் அது போகாது. வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, ஒரு பழைய டூத் பிரஷ் போதும். நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள்.

ஃபில்டர் உட்காரும் பள்ளத்துக்கு வாக்கும் கிளீனரின் வாய் போகாது. அதற்கென்று தனி இணைப்பு வாங்கத் தேவையில்லை. டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழலை வாக்கும் ஹோஸில் செருகி, சுற்றி டேப் ஒட்டி, முனையை விரலால் அழுத்தித் தட்டையாக்குங்கள். வாக்கும் கிளீனர் இல்லையென்றால் நீளமான மரக்குச்சியில் பழைய சாக்ஸைச் சுற்றி, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டித் துழாவலாம். கம்பி ஹேங்கரை நிமிர்த்தி உள்ளே விடச் சொல்வார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. உள்ளே இருக்கும் ஒயரில் மாட்டினால் பஞ்சுக்காக ஆரம்பித்த வேலை ரிப்பேரில் முடியும்.

அடுத்ததுதான் முக்கியம், பின்பக்கக் குழாய். மின்சார ட்ரையர் என்றால் மெஷினை மெதுவாக முன்னால் இழுத்து, குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தை (கிளாம்ப்) தளர்த்திக் குழாயைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 4 அங்குல விட்டம் இருக்கும், கை தாராளமாகப் போகும். கேஸ் ட்ரையர் என்றால் நீங்களாக நகர்த்தாதீர்கள். கேஸ் இணைப்பு அசைந்தாலும் ஆபத்து, குழாய் சரியாக மாட்டாமல் போனால் புகை வீட்டுக்குள் வரும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

வளைவுகளில்தான் பஞ்சு அதிகம் நிற்கும். இரண்டு முனையிலிருந்தும் வழித்தெடுங்கள். அப்படியே வெளிச்சுவரில் காற்று வெளியேறும் மூடியையும் பாருங்கள், அங்கே ஒட்டிய பஞ்சு மூடியைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது குழாய் மடங்கி நசுங்காதபடி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விடுங்கள்.

உங்கள் குழாய் பிளாஸ்டிக்காகவோ மெல்லிய ஃபாயிலாகவோ இருந்தால், கையில் இருக்கிற காசைக் குழாய் துடைக்கும் பிரஷ் செட்டில் போடாமல் வழுவழுப்பான உலோகக் குழாய்க்குப் போடுங்கள். மடிப்பு மடிப்பான குழாயில் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சைப் பிடிக்கும். இணைப்புகளை ஃபாயில் டேப்பால் ஒட்டுங்கள். ஸ்க்ரூ போட்டால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்தே அடைப்பு மறுபடி தொடங்கும்.

வெளியே குழாய் இல்லாத கண்டன்சர் வகை என்றால், கீழ்ப்பக்கக் கதவைத் திறந்து, ஈரக்காற்றைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் பாகமான கண்டன்சரை உருவி எடுத்துக் குழாயடியில் கழுவலாம். வெளிக்குழாய் இல்லாத இன்னொரு வகையான ஹீட் பம்ப் ட்ரையரில் பெரும்பாலும் அது கழன்று வராது. அதன் மெல்லிய தகடுகள் வளையாமல் மெத்தென்ற பிரஷால் மட்டும் தடவி எடுங்கள்.

எல்லாம் மாட்டியபின் மெஷினை ஓடவிட்டு வெளிமூடிக்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். காற்று விசையாகக் கையில் அடிக்கவேண்டும். காற்று நன்றாக வந்தும் சூடே இல்லையென்றால், சூடு அளவு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கலாம். அடைப்பால் சூடு தேங்கும்போது அது போய்விடுவதுண்டு. மற்ற பாகங்களோடு பார்த்தால் மலிவான பாகம், அதனால் புது மெஷின் வாங்குமுன் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் குழாயைச் சுத்தம் செய்யாமல் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் புதியதும் அதே மாதிரி போய்விடும்.