சின்ன கேம் ஸ்டூடியோவை நம்பி மான்ட்ரியல் வரலாமா?

தம்பி, கனடாவின் மான்ட்ரியலில் ஒரு சின்ன கேம் ஸ்டூடியோ கூப்பிடுகிறது, சம்பளம் குறைவு, அதற்கு ஈடாகக் கம்பெனிப் பங்கு தருகிறார்களாம், அப்பா வேலூர் சத்துவாச்சாரி வீட்டை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார், நம்பி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள். வீட்டின் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம். நானும் வேலூர்ப் பக்கம், குடியாத்தத்துக்காரன்தான், பல வருடமாக இதே ஊரில் இதே துறையில் இருக்கிறேன்.

சின்ன கம்பெனி என்பதற்காகப் பயப்படாதீர்கள். இணையம் வழியாகவே கேம் ஆடும் தன் ஸ்டேடியா சேவைக்காக கூகுள் 2019இல் இங்கே ஸ்டூடியோ தொடங்கியது. 2021 பிப்ரவரியிலேயே மூடுவதாக அறிவித்துவிட்டது. மைக்ரோசாப்ட் 2024 ஜனவரியில் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. பெரிய பெயர் இருந்தும் அவர்கள் வேலை நிலைக்கவில்லை.

நம் பக்கத்தில் மாதாமாதம் வட்டி தருகிறோம் என்று டெபாசிட் வாங்கியவர்களிடம் எத்தனை குடும்பங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்கின்றன! இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அதைக் கேளுங்கள். சின்ன ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் பப்ளிஷர், அதாவது கேமுக்குப் பணம் போட்டு வெளியிடும் கம்பெனி, தரும் பணத்தில்தான் ஓடுகின்றன. அந்தப் பணம் மொத்தமாக வராது, வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்து அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் வரும். பப்ளிஷர் நடுவில் கைவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் சம்பளம் நின்றுவிடும். கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, இந்த கேம் ரத்தானால் அடுத்து என்ன என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாம், தப்பில்லை. நேராகப் பதில் சொல்கிறவரை நான் நம்புவேன். "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று பேச்சை மாற்றினால் யோசியுங்கள்.

அப்புறம் அந்தப் பங்கு. வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கைக்கு வரும், முதல் வருடம் முடியும் முன்னே வெளியேறினால் ஒன்றும் கிடைக்காது. லாபத்தில் பங்கு என்றாலும் அப்படித்தான்: கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் விற்பனையில் வழக்கமாக 30 சதவீதம் எடுக்கும், பப்ளிஷர் தான் போட்ட பணத்தை எடுப்பார், மிச்சம்தான் ஸ்டூடியோவுக்கு. ஆகவே பங்கைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது இல்லாமல் வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சம்பளத்தில் முடிகிறதா? முடியாது என்றால் சம்பளத்தை உயர்த்திக் கேளுங்கள்.

நல்ல மனிதர்களாக இருந்தாலும் அவர்கள் கையில் இல்லாதவை உண்டு. கேம் செய்ய உதவும் மென்பொருளை எஞ்சின் என்போம். அப்படி ஒரு எஞ்சினைத் தரும் யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் கேம் இன்ஸ்டால் ஆவதற்கெல்லாம் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. அந்த எஞ்சினை நம்பிப் பாதி கேம் செய்து முடித்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். எதிர்ப்பு வலுத்துச் சில நாளில் விதியைத் தளர்த்தினார்கள், ஒரு வருடம் கழித்துக் கைவிட்டார்கள். எந்த எஞ்சினில் வேலை என்றும் விசாரியுங்கள்.

உங்களுக்கும் முதலாளிக்கும் ஆபத்து ஒன்றல்ல என்பதுதான் என் பெரிய கவலை. ஸ்டூடியோ மூடினால் அவர் இந்த ஊர்க்காரராக அடுத்ததைத் தேடுவார். உங்கள் வொர்க் பெர்மிட்டில் அந்தக் கம்பெனியின் பெயர் மட்டும் இருந்தால், வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் அனுமதிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வேலையிழப்புக் காப்பீடு உண்டு. ஆனால் போதுமான மணிநேரம் வேலை செய்தவருக்குத்தான், அதுவும் சம்பளத்தில் 55 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு. ஆறு மாதச் செலவுக்கான சேமிப்போடு வந்தால் இதைத் தாங்கலாம். வீட்டுக் கடனோடு வந்தால், அநியாயமாக ராத்திரி பகலாக வேலை வாங்கினாலும் வாய் திறக்க முடியாது. அப்படி மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சேமிப்பு இல்லையென்றால் சேரும் தேதியை நான்கைந்து மாதம் தள்ளிக் கேளுங்கள். பெர்மிட் வரவே எப்படியும் நாளாகும். அதற்குள் பிரெஞ்சும் தொடங்கிவிடுங்கள், இங்கே அடுத்த வேலை தேடும்போது அது உதவும்.