பழைய சிறிய செயின்சா வாங்கினேன். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டரை நானே ட்யூன் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஆனால் கார்புரேட்டர் திருகில் திருப்புளியை வைப்பது கடைசி வேலையாக இருக்கட்டும். காரைக்குடியில் பழைய சாமான் விற்பவரிடம் 16 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தட்டு) கொண்ட சிறிய மிஷினை வாங்கியதாகவும், அது ஐடிலில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது) ஓடினாலும் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் திணறி நிற்பதாகவும், மெக்கானிக் புது கார்புரேட்டர் போடச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேவகோட்டைப் பக்கம் எங்கள் வயலை ஒட்டி மண்டும் சீமைக் கருவேலத்தை இந்த அளவு மிஷினை வைத்துத்தான் பல ஆண்டுகளாக அறுத்துவருகிறேன். நீங்கள் சொல்லும் அறிகுறி பெட்ரோல் போதாவிட்டாலும் வரும், எங்கோ ஒரு விரிசல் வழியாகக் காற்று கூடுதலாகப் புகுந்தாலும் வரும், சைலன்சர் அடைத்திருந்தாலும் வரும். காரணம் தெரியாமல் திருகைத் திருப்பினால் கோளாறு மறையுமே தவிர நீங்காது.

முதலில் எஞ்சினுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிட்டால் அது சடாரென்று இறங்கக் கூடாது. ஒவ்வொரு அமுக்கத்திலும் தயங்கித் தயங்கி இறங்க வேண்டும். அமுக்கத்தை அளவுமானி வைத்துப் பார்க்க முடிந்தால் 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டுவது நல்லது. அடுத்து சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளை வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் வழவழப்பாகவும் ரிங் பள்ளத்தில் தாராளமாகவும் இருந்தால் மேற்கொண்டு செலவழிக்கலாம். நெடுக்குவாட்டில் ஆழமான கீறல்கள் ஓடியிருந்தால் முந்தைய உரிமையாளர் ஆயில் குறைவாகவோ பெட்ரோல் குறைவாகவோ ஓட்டிச் சூட்டில் வாட்டியிருக்கிறார் என்று பொருள். அந்த நிலையில் சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றாமல் கார்புரேட்டருக்குப் பணம் போடுவது வீண். சைலன்சர் கையில் இருக்கும்போதே அதன் வாயில் உள்ள சிறு கம்பி வலையையும் பாருங்கள். கரி பிடித்து மூடியிருந்தால் அதுவே உங்கள் கோளாறாக இருக்கக்கூடும்.

நம் ஊரில், செயின்சாவைப் போலவே இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட டிவிஎஸ் 50 மொபெட்டைப் பார்த்துப் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ரிங், காயில், கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) ஆகியவற்றில் அவர்கள் கைப்பழக்கத்தை நம்பலாம். கார்புரேட்டர் மட்டும் வேறு இனம். மொபெட்டின் கார்புரேட்டரில் மிதவை உண்டு, தொட்டியில் பெட்ரோல் தேங்கி நிற்கும். செயின்சாவைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடித்து அறுக்க வேண்டியிருப்பதால் இதில் மிதவை கிடையாது. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையில் எழும் அழுத்தத் துடிப்பு ஒரு மெல்லிய டயாஃப்ரத்தை, அதாவது சவ்வை, ஆட்டி டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மற்றொரு டயாஃப்ரம் ஊசி வால்வைத் திறந்து அளவாக உள்ளே விடுகிறது. பழைய மிஷின்களில் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த டயாஃப்ரங்கள்தான். நல்ல டயாஃப்ரம் விரலால் தொட்டால் துணிபோலத் துவளும். கெட்டது விறைத்துப்போய் அழுத்தும்போது மொறமொறவென்று ஒலிக்கும். விறைத்தது ஐடிலுக்கு வேண்டிய பெட்ரோலைக் கொடுத்துவிடும், ஆக்ஸிலேட்டரின் தேவைக்கு ஈடுகொடுக்காது. எனவே மெக்கானிக்கிடம் முழுக் கார்புரேட்டருக்குப் பதிலாக அந்த மாடலுக்குரிய டயாஃப்ரம் கிட் கேளுங்கள். பிரிக்கும்போது உள்ளே இருக்கும் மிகச்சிறிய வடிகட்டி வலையையும் சுத்தம் செய்யுங்கள்.

டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் ரப்பர் குழாயையும் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்து, குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மீதமிருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவதே மிஷினுக்கு நல்லது. சிறிது நேரம் ஓடிய பிறகு நின்று, டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று உள்ளே இழுபட்டால், டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

காற்றுக் கசிவுக்குத் தனி அடையாளம் உண்டு. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே தணியாமல் இரைந்துகொண்டிருந்தாலோ, மிஷினைச் சாய்க்கும்போது ஐடில் வேகம் ஏறி இறங்கினாலோ, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பையும் கிராங்க் சீல்களையும் சந்தேகியுங்கள். கசிவை வைத்துக்கொண்டு செய்யும் ட்யூனிங் ஒரு நாள்கூட நிற்காது.

ட்யூனிங்குக்கு முன் செயினையும் தீட்டியாக வேண்டும், ஏனென்றால் கடைசிச் சோதனை மரத்தில்தான் நடக்கிறது. சிறிய மிஷின்களில் வழக்கமாக வரும் 3/8 அங்குல லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) செயினுக்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம் போதும். பெரும்பாலானவற்றில் கோணம் 30 டிகிரி. எல்லாப் பற்களும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுப்பு ஒரு பக்கமாக வளையும். பல்லுக்கு முன்னுள்ள சிறு மேடு பல்லின் நுனியைவிடச் சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கட்டும். சீமைக் கருவேலம் இயல்பிலேயே கெட்டி; கண்மாய்க்கரை மரமென்றால் அடிப்பட்டையில் மணலும் ஒட்டியிருக்கும். அறுக்கும்போது செதில் செதிலாக விழாமல் மாவாக விழுந்தால் அரத்தை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் தேக்கு உத்தரங்களில் ஆணி மறைந்திருக்கும் என்பதால் அவற்றில் இந்த மிஷினை வைக்கவே வேண்டாம்.

இனி ட்யூனிங். மிஷினின் கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயில், 25:1 என்றிருந்தால் 40 மில்லி. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டிவிட்டு, எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று குறித்த இரண்டு திருகுகளையும் மெதுவாக, அழுத்தாமல் மூடி, ஒரு சுற்று திறந்துகொள்ளுங்கள். வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் குறையும், இடப்புறம் திருப்பினால் கூடும். எஞ்சின் சூடேறிய பிறகு எல் திருகில் ஐடில் அதிகபட்சமாக ஏறும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்துவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது புகையில்லாமல் அமுங்கினால் இன்னும் சற்றுத் திறக்க வேண்டும். புகைந்துகொண்டு தடுமாறினால் மூட வேண்டும். பிறகு மூன்றாவதான ஐடில் திருகைச் செயின் நகராத அளவுக்குத் தணித்து வையுங்கள். எவ்வளவு தணித்தும் செயின் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங்கைப் பாருங்கள்.

எச் திருகில்தான் பலர் மிஷினை இழக்கிறார்கள். பெட்ரோலைக் குறைக்கக் குறைக்கச் சத்தம் கூர்மையாகி, மிஷினுக்குப் புதுத் தெம்பு வந்ததுபோல் காதுக்கு இனிமையாக இருக்கும். பெட்ரோலோடுதான் ஆயிலும் உள்ளே போகிறது என்பதால், அந்த இனிமைக்கு அடுத்த படியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். முழு ஆக்ஸிலேட்டரில், மரத்தில் வைக்காமல், ஓரிரு நொடி மட்டும் கேட்கும்போது சுருதி லேசாக உடைந்து தடதடக்க வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தத் தடதடப்பு நீங்கி ஒரே சீராக இரைய வேண்டும். வெறுமனே ஓடும்போதே பிசிறில்லாமல் வீறிட்டால் உடனே திறந்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் திருகு சற்று அதிகமாகவே திறந்திருக்க வேண்டும் என்பதால், வேலைக்கு ஊற்றப்போகும் அதே பெட்ரோலில் ட்யூன் செய்யுங்கள். சித்திரை வெயிலில் சரியாக வைத்த மிஷின் மார்கழிக் காலையின் அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் ஓடும். குளிர் தொடங்கியதும் எச் திருகின் சத்தத்தை மறுபடி ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கிட் போட்டு, குழாய் மாற்றி, கசிவில்லை என்று உறுதியான பிறகும் திருகுக்கு மிஷின் பணியவில்லையென்றால், அப்போது மெக்கானிக் சொன்னபடி புது கார்புரேட்டர் வாங்குங்கள். ஆனால் மரத்தில் வைத்துச் சோதிப்பதற்கு முன்பே, முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் செயின் பிரேக்கை முன்னால் தள்ளி, அது ஓடும் செயினை உடனே நிறுத்துகிறதா என்று சோதியுங்கள். நிறுத்தாவிட்டால் அதைச் சரிசெய்யும்வரை இந்த மிஷினை மரத்தில் வைக்காதீர்கள்.